தஞ்சாவூரில் ஏது மலை?

ஜவ்வாது மலை,
ஒடுகத்தூர் வழி,
12 ஜனவரி 1938

பிரியமுள்ள ஆசியாவுக்கு மதலேனாள் எழுதிக்கொண்டது. சர்வேசுரன் கிருபையால் நானும் என் வீட்டுக்காரரும் சுகம். நீ, உன் வீட்டுக்காரர் நசருல்லா அண்ணன், பிள்ளைகள், உன் அம்மா எல்லாரும் எப்படி இருக்கிறீர்கள்? அம்மாவின் முழங்கால் வலி தேவலையா?

இங்கே ஒரு வாரமாகப் பனி. விறகெல்லாம் நனைந்து அடுப்பு புகைகிறது. இவர் சந்தன மரங்களைப் பார்த்துவரப் போனால் திரும்ப மூன்று நாளாகிறது. அந்த மூன்று நாளில் ஒரு நாவல் படித்து முடித்தேன். ரேஞ்சர் வீட்டம்மா கொடுத்தது. விசாலி என்ற பெண்ணின் கதை. தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு மிராசுதாரின் ஒரே மகள், தாயில்லாதவள். அப்பாவுக்குப் பிடிக்காதவனைக் கட்டிக்கொண்டு வீட்டை விட்டுப் போய்விடுகிறாள். புஸ்தகம் பூராவும் வயலும் வாய்க்காலும்தான். ஒரு குடம் தண்ணீருக்கு அரை மைல் நடக்கிற எனக்குப் படிக்கவே பொறாமையாக இருந்தது.

பக்கத்துக் குடிசை சின்னக்குழந்தை சாமை குத்த வந்தபோது அவளுக்கும் கதையைச் சொன்னேன். "இன்னாம்மா இது! எங்க மலையில பொண்ணு இஷ்டப்பட்டவன்கூடப் போய்ட்டா பெரியவங்க நாலு நாள்ல பேசி முடிச்சிடுவாங்க. இதுக்கு ஒரு புஸ்தகமா?" என்று கேட்டாள்.

நேற்று கடுக்காய் மூட்டைகளும் ஆவாரம்பட்டையும் ஏற்றிக்கொண்டு வண்டிகள் வாணியம்பாடிக்கு இறங்கின. அந்த வாசனையில் உங்கள் தோல் பதனிடும் ஷாப்பின் பட்டைக் கொட்டகை அப்படியே கண் முன்னால் வந்து நின்றது. பட்டைக் கட்டுகளுக்கு நடுவில் ஒளிந்துகொண்டு நாம் ஒரே புஸ்தகத்தைப் படிப்போமே! நீ சீக்கிரம் படித்துவிட்டுப் பக்கத்தின் அடியில் விரலை வைத்துக்கொண்டு, "ஆச்சா, ஆச்சா" என்று என்னைத் துளைப்பாய். இங்கே துளைக்க ஆளில்லை. இஷ்டத்துக்கு மெதுவாகப் படிக்கிறேன். ஆனாலும் பக்கத்தைத் திருப்புமுன் ஒரு நொடி நிற்கிறேன்.

கொய்யா மரம் காய்க்கிறதா? கிணற்று ராட்டினத்தை மாற்றினார்களா? உங்கள் கிழட்டுக் குதிரை இருக்கிறதா? எல்லாவற்றையும் விவரமாக எழுது.

மாறாத அன்புடன்,
மதலேனாள்

*

வாணியம்பாடி,
3 பிப்ரவரி 1938

என் அருமை மதலேனாளுக்கு ஆசியாவின் ஸலாம். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம். அம்மாவின் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, அதைத் திட்டும் குரலும் அப்படியே. வருகிற வாரம் பக்ரீத். வீடு முழுக்க ஆடும் பிள்ளைகளும். எது எதைத் துரத்துகிறது என்று தெரியவில்லை.

கொய்யா காய்க்கிறது. ராட்டினம் அதேதான், அதே கூச்சல். குதிரை போன மழைக்காலத்தில் போய்விட்டது. உனக்கு எழுத மனம் வரவில்லை.

உன் கடிதத்தைப் படித்ததும் அந்தப் புஸ்தகம் எனக்கும் வேண்டும் என்றேன். இவர் மதராஸ் போனபோது மூர் மார்க்கெட்டில் பழைய புஸ்தகமாகப் பார்த்து வாங்கி வந்தார். இரண்டே நாளில் படித்தேன். என்ன அநியாயம் தெரியுமா? கடைசி நாற்பது பக்கம் இல்லை! விசாலிக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று யாரோ வந்து சொல்கிறார்கள். அவள் எழுந்து நிற்கிறாள். அதோடு கிழிந்திருக்கிறது. போனாளா இல்லையா?

மீதியை நீ எழுதி அனுப்பு. நாற்பது பக்கத்தையும் கேட்கவில்லை. என்ன நடந்தது என்று நாலு பக்கத்தில் எழுது. இங்கே நான் மட்டும் காத்திருக்கவில்லை, இன்னொருவரும் காத்திருக்கிறார். யார் என்று பிறகு சொல்கிறேன்.

பிலிப்ராஜ் அண்ணனுக்கு எங்கள் ஸலாம் சொல்லு.

உன்,
ஆசியா

*

ஜவ்வாது மலை,
22 பிப்ரவரி 1938

பிரியமுள்ள ஆசியாவுக்கு,

நாங்கள் சுகம். உங்கள் பக்ரீத் நல்லபடியாக நடந்திருக்கும் என்று நம்புகிறேன். குதிரைக்காக வருத்தப்பட்டேன்.

உன் கடிதம் கிடைத்தது. ஆனால் ரேஞ்சருக்குச் சேலத்துக்கு மாற்றலாகிவிட்டது. புஸ்தகமும் அவர்களோடு போய்விட்டது. முடிவு எனக்கு ஞாபகம் இருக்கிறது, எழுதுகிறேன். இப்போது காட்டுத் தீயின் காலம். இவர் சரியாகச் சாப்பிடக்கூட வருவதில்லை. எனக்கும் கை ஓயவில்லை. தபால் கொண்டுபோகிற வண்டிக்கார ராஜாக்கண்ணு வாசலில் நிற்கிறார். இத்துடன் நிறுத்துகிறேன்.

மதலேனாள்

*

வாணியம்பாடி,
28 மார்ச் 1938

மதலேனாளுக்கு ஆசியாவின் ஸலாம். நாங்கள் எல்லோரும் சுகம். நீ சுகமா என்று தெரியவில்லை. ஒரு மாதமாகக் கடிதமில்லை. நாலு பக்கம் எழுத இத்தனை நாளா? காட்டுத் தீயை நீயா அணைக்கிறாய்?

முடிவு தெரியாததால் நடந்ததையே திரும்பத் திரும்ப நினைக்கிறேன். முதலில் விசாலியின் பக்கம்தான் நின்றேன். அந்த மிராசுதார் பிடிவாதக்காரர். இப்போது அவள் மேலும் கோபம் வருகிறது. கிணற்றடியில் தினமும் அவளோடு பேசும் சிநேகிதி ஒருத்தி வருகிறாளே, அவளிடம்கூட ஒரு வார்த்தை சொல்லாமல் போனாளே. அந்தச் சிநேகிதி மறுநாள் குடத்தோடு வந்து நின்றதைப் பற்றி ஆசிரியர் இரண்டே வரிதான் எழுதியிருக்கிறார். நானாக இருந்தால் இரண்டு அத்தியாயம் எழுதியிருப்பேன்.

பட்டை வண்டிகளுக்குப் பெர்மிட் சரிபார்க்க வந்த ஃபாரஸ்ட் கார்டு பிலிப்ராஜோடு, கத்தோலிக்க வீட்டுப் பெண்ணான நீ வேலூருக்குப் போய் அவருடைய புரொட்டஸ்டண்டு கோயிலில் கல்யாணம் செய்துகொண்டாய் என்று எனக்கு யார் சொன்னது தெரியுமா? தயிர்க்காரி. ஆறு வருஷமாக இதைக் கேட்காமல் இருந்தேன். இன்றைக்குக் கேட்டுவிட்டேன். நீ பதில் சொல்ல வேண்டாம். முடிவை அனுப்பு, போதும்.

ஆசியா

*

ஜவ்வாது மலை,
19 ஏப்ரல் 1938

என் பிரிய ஆசியாவுக்கு,

ஈஸ்டர் முடிந்தது. மலையில் கோயிலில்லை. நாங்கள் இருவரும் வீட்டிலேயே ஜெபம் செய்தோம், அவர் அவருடைய முறையில், நான் என்னுடைய முறையில். சுகமாக இருக்கிறோம். நீங்களும் சுகமாக இருக்க வேண்டிக்கொண்டேன்.

உன்னிடம் சொல்லாமல் போனது தப்பு. சொல்லியிருந்தால் நீ அழுதிருப்பாய், நான் போயிருக்க மாட்டேன். அதுதான் காரணம்.

இனி முடிவு. உடம்பு சரியில்லை என்று சேதி வந்ததும் விசாலி கிளம்பப் பார்க்கிறாள், ஆனால் தைரியம் வரவில்லை. மாதங்கள் போகின்றன. ஒருநாள் காலையில் உலை வைத்துவிட்டு வெளியே வருகிறாள். கீழே பாதையில் ஒரு கறுப்புக் குடை தெரிகிறது. ஏறுகிறவர் பத்தடிக்கு ஒருதரம் நிற்கிறார். மூன்றாவது வளைவில் ஒரு கல் மேல் உட்கார்ந்து மூச்சு வாங்குகிறார். குடையைப் பிடித்திருக்கிற விதத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. ஓடிப்போய்க் கூட்டிவர வேண்டும் என்று நினைக்கிறாள், ஆனால் வாசலிலேயே நிற்கிறாள். அவர் வாசலுக்கு வந்து குடையை மடக்கிச் சுவரில் சாத்துகிறார். "தண்ணி குடு" என்கிறார். சொம்பைக் கொடுக்கக் கிட்டே போனபோது அவர் சட்டையில் அந்தப் பழைய பட்டை வாசனை. குடித்து முடித்துவிட்டு, "தூரம் ஜாஸ்திதான்" என்கிறார். திட்டவில்லை, அழவில்லை. உள்ளே வந்து உட்காருகிறார். உலை கொதிக்கிறது. அவ்வளவுதான் கதை.

உன்னோடு காத்திருக்கிறவர் யார் என்று நீ சொல்லவேயில்லையே? உன் அம்மாவா?

அன்புடன்,
மதலேனாள்

*

வாணியம்பாடி,
30 மே 1938

மதலேனாளுக்கு ஆசியாவின் ஸலாம். உடம்புக்கு எங்களுக்கெல்லாம் ஒன்றுமில்லை. மனசுதான் சரியில்லை. இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி.

நீ இங்கிருக்கிற மரம், கிணறு, குதிரை எல்லாவற்றையும் விசாரிப்பாய். அடுத்த வீட்டிலிருக்கிற, உன்னைப் பெற்ற நைனாவை மட்டும் விசாரிக்க மாட்டாய். நானும் எழுத மாட்டேன். நீ கேட்காததால் எழுதவில்லை என்று நினைத்திருப்பாய். அதனால் இல்லை. எங்கள் ஷாப்பில் கணக்கெழுதிய ரைட்டர் மாமாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்துவிட்டது. போன தீபாவளியிலிருந்து ஷாப்பு வேலைக்குப் போவதில்லை. ஆள் நிற்பது தெரிகிறது, முகம் தெரியாது. ஆஸ்பத்திரிக்கு வாங்க என்று இவர் கூப்பிட்டால், "கத்தி வெக்கிற கண்ணு எனக்கு வேணாம்" என்கிறார். "என் கண்ணு போனத அவளுக்கு எய்திடாத. பாவம் பாத்து யாரும் வர வேணாம்" என்று என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டார்.

தினமும் சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு எங்கள் வராந்தாவுக்கு வருவார். நான் பேப்பர் படிப்பேன். பேப்பர் வராத ஒருநாள் விசாலி கதையை ஆரம்பித்தேன். நாவல்தான் தன் மகளைக் கெடுத்தது என்று ஊரெல்லாம் சொன்ன மனுஷர் அல்லவா? முதல் நாள், "இந்தக் கருமத்தையா படிக்கிற?" என்றார். இரண்டாம் நாள் நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார். மூன்றாம் நாள் நேரத்துக்கு முன்னாலேயே வந்து, "அப்பறம் இன்னாச்சு?" என்றார். முடிவுக்குக் காத்திருந்தவர் அவர்தான்.

உன் கடிதம் வந்ததும், மதராஸிலிருந்து வந்த பக்கங்கள் என்று சொல்லி வாசித்தேன். குடை வந்தது. ஏற்றம் வந்தது. கல்லில் உட்கார்ந்த இடம் வந்ததும் மாமா என்னை நிறுத்தினார்.

"தஞ்சாவூர்ல ஏதும்மா மலை?"

"அப்படித்தான் போட்டிருக்கு மாமா" என்றேன்.

"சரி, படி."

படித்தேன். சட்டையில் பட்டை வாசனை என்றதும் மறுபடியும் நிறுத்தினார். "மிராசுதார் சட்டையில பட்டை வாசன எப்டி வரும்?" என்றார். பிறகு முதலிலிருந்து படிக்கச் சொன்னார். முடித்ததும், "இத எய்தினது யாரு?" என்றார்.

என்னால் பொய் சொல்ல முடியவில்லை, மதலேனாள். எழுந்து சுவரைத் தடவிக்கொண்டு போய்விட்டார். எட்டு நாளாக வரவில்லை. கதவைத் தட்டினால், "தூங்கறேம்மா" என்கிறார்.

நேற்று இவர் முழுப் புஸ்தகமாக இன்னொன்று வாங்கி வந்தார். கடைசிப் பக்கத்தைப் படித்தேன். நிஜ முடிவு எனக்குத் தெரிந்துவிட்டது. நீ ஏன் அதை எழுதவில்லை என்பதும் தெரிந்துவிட்டது.

மன்னித்துவிடு.

உன் ஆசியா

*

ஜவ்வாது மலை,
9 ஜூன் 1938

ஆசியாவுக்கு,

நாங்கள் சுகம்.

தீபாவளியிலிருந்து அவருக்குக் கண் தெரியவில்லை. நீ எனக்குக் கொய்யா காய்க்கிறது என்று எழுதினாய்.

கல்யாணமான முதல் வருஷத்தில் அவருக்கு மூன்று கடிதம் எழுதினேன். மூன்றும் உறை பிரிக்காமல் திரும்பி வந்தன. நாலாவதை நான் உனக்கென்று எழுதினேன், நீ அதை அவருக்குப் படித்துக் காட்டிவிட்டாய். எனக்குச் சொல்லியிருந்தால் அந்த மலையையாவது எடுத்திருப்பேன்.

இப்போதைக்கு எனக்கு எழுதாதே.

மதலேனாள்

*

வாணியம்பாடி,
25 ஜூன் 1938

ஸலாம். எழுதாதே என்றாய். எழுதாமல் இருக்க முடியவில்லை. உன் கோபம் நியாயமானது, அதை அப்படியே வைத்துக்கொள். ஆனால் இதைப் படித்துவிடு.

செவ்வாய்க்கிழமை மாமா வந்தார். முகச்சவரம் செய்து, சலவைச் சட்டை போட்டிருந்தார். உட்கார்ந்ததும், "புஸ்தகத்துல நெசமா இன்னாதான் முடிவு?" என்றார். படிக்கட்டுமா என்றேன். "படி" என்றார்.

நாற்பது பக்கத்தையும் படித்தேன். விசாலி புறப்படத் தயங்கித் தயங்கி நாளைக் கடத்துகிறாள். அவள் ஊருக்குப் போய்ச் சேருமுன் அப்பா இறந்துவிடுகிறார். வீட்டைக் கழுவிவிட்டிருக்கிறார்கள். வேலைக்காரி அவளை அடையாளம் தெரியாமல், "யாரும்மா வேணும்?" என்று கேட்கிறாள். அந்த இடத்தில் புஸ்தகத்தை மூடிவிட்டேன். மாமா காத்திருந்தார். மீண்டும் படித்து முடித்தேன்.

"ரெண்டும் தப்பு" என்றார்.

"எது மாமா?"

"ரெண்டு முடிவும். அந்தாளு எதுக்குச் சாவணும்? அப்டி இன்னா வந்துச்சு அவனுக்கு? சரி, இவ எய்தினாளே, அதுல அவன் எதுக்கு மலை ஏறணும்? அறுபது வயசாவுது, முட்டி இருக்கா அவனுக்கு? வயசுல இருக்கறவ ஒருதரம் எறங்கி வர்றதுக்கு இன்னா? அவளுக்குக் கால் இல்லியா?"

எனக்கும் கோபம் வந்துவிட்டது. "மூணு லெட்டரத் திருப்பி அனுப்சீங்களே மாமா. அப்பறம் அவ எப்டி வருவா?" என்று கேட்டேன். பிறந்ததிலிருந்து அவரிடம் நான் குரல் உயர்த்தியதில்லை.

"லெட்டரத்தான திருப்பி அனுப்சேன்" என்றார். "ஆளையா திருப்பி அனுப்சேன்?"

இதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் எழுதியிருக்கிறேன். இதற்கு என்ன அர்த்தம் என்று நான் சொல்ல மாட்டேன். நீயும் நானும் ஒரே புஸ்தகத்தைப் படித்து வளர்ந்தவர்கள்.

ஆசியா

*

ஜவ்வாது மலை,
2 ஆகஸ்ட் 1938

பிரியமுள்ள ஆசியாவுக்கு,

ஸ்தோத்திரம். சுகமாக இருக்கிறோம். இத்தனை நாள் பதில் போடாததற்குக் கோபம் காரணமில்லை. கோபம் பத்து நாளில் தீர்ந்துவிட்டது. மீதி நாளெல்லாம் பயம்.

உன் கடிதத்தை இவரிடம் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு எழுந்துபோய் என் டிரங்குப் பெட்டியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். "நீங்களும் வாங்க" என்றேன். "நீ முன்னாடி போ. என்னைப் பாத்தா உன்னையும் சேத்து அனுப்பிடப் போறாரு" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆறு வருஷமாக இந்தச் சிரிப்பைப் பார்க்கிறேன். அது எனக்காகச் சிரிப்பது.

சின்னக்குழந்தை ஒரு பை சாமையும் தேனும் கொண்டு வந்து வைத்தாள். "நாலு நாள்ல முடிய வேண்டியத ஆறு வருஷம் இழுத்துட்டீங்களேம்மா" என்றாள்.

வருகிற சனிக்கிழமை ராஜாக்கண்ணு வண்டியில் இறங்குகிறேன். நைனாவிடம் சொல்லாதே. சொன்னால் எனக்குத் தைரியம் போய்விடும். நீ மட்டும் வாசலில் நில்லு.

மதலேனாள்

*

வாணியம்பாடி,
24 ஆகஸ்ட் 1938

என் மதலேனாளுக்கு ஸலாம். சுகமாகப் போய்ச் சேர்ந்தாயா? வழியில் மழையா? இங்கே நேற்று நல்ல மழை. அம்மா உன்னைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறாள், நீ கறுத்துவிட்டாயாம்.

நீ இருந்த இரண்டு வாரமும் கனவு மாதிரி போய்விட்டது. நாம் கொட்டகைக்குள் போய்ப் பட்டைக் கட்டின் மேல் உட்கார்ந்ததும், நமக்கு இப்போது அந்த இடுக்கு போதாமல் மாட்டிக்கொண்டதும், கூலிக்காரி பாஞ்சாலை வந்து இழுத்துவிட்டதும்! இவர் இன்னும் சிரிக்கிறார்.

ஒன்று கேட்க வேண்டும். வந்த அன்றைக்கு நீ அழவில்லை. மாமா உன் குரல் கேட்டதும், "சாப்ட்டியா?" என்றார். நீ "இல்ல" என்றாய். அவ்வளவுதான், இருவரும் உள்ளே போய்விட்டீர்கள். வராந்தாவில் நின்ற நான்தான் அழுதேன். ஆனால் கிளம்பின அன்றைக்கு வண்டியில் ஏறி உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அப்படி அழுதாயே, ஏன்? போகிற துக்கமா? மாமா ஏதாவது சொன்னாரா? அவரைக் கேட்டால், "ஒண்ணுமில்ல, அடுத்த புஸ்தகத்த எடு" என்கிறார்.

எழுது.

உன் ஆசியா

*

ஜவ்வாது மலை,
10 செப்டம்பர் 1938

உயிருக்குயிரான ஆசியாவுக்கு,

சர்வேசுரன் புண்ணியத்தால் சுகமாக வந்து சேர்ந்தேன். வழியெல்லாம் தூறல். இவர் பாதி மலை இறங்கி வந்து காத்திருந்தார். அம்மாவிடம் சொல்லு, கறுத்தது வெயிலால்தான், சாப்பாட்டுக் குறையால் இல்லை.

நீ கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன். அந்த இரண்டு வாரமும் நைனா கல்யாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இவர் பேரையும் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. மழை, வேலை, ஷாப்பு, கதை எல்லாம் பேசினோம். மலையில் என்ன மரம், என்ன மிருகம் என்று கேட்பார். அங்கே நான் தனியாகவே இருப்பது போலக் கேட்பார். எனக்கு அது வலித்தது. ஆனால் இவ்வளவு கிடைத்ததே போதும் என்று இருந்தேன்.

அம்மா செத்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் சமையல் அவர்தான், உனக்குத் தெரியும். கண் தெரியாவிட்டாலும் என்னை அடுப்புக்குக் கிட்டே விடவில்லை. கடுகு எது, சீரகம் எது என்று விரலால் பார்த்துக்கொண்டு அவரே செய்தார்.

கிளம்புகிற காலையில் வெந்நீர் வைத்துக்கொண்டிருந்தார். நான் பெட்டியைப் பூட்டினேன். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அடுப்பைப் பார்த்தபடியே கேட்டார்.

"அவன் இன்னா சாப்புடுவான்?"

எனக்கு முதலில் யாரென்று புரியவில்லை. "யாரு நைனா?" என்றேன்.

"ஒன் ஊட்டுக்காரன்தான். வேற யாரு? கிறிஸ்மஸ்க்கு வந்தா எதாவுது செய்யணுமில்ல? அவனுக்கு இன்னா புடிக்கும்?"

"கருவாட்டுக் கொயம்பு" என்றேன். அவருக்குக் கேட்டதோ என்னவோ என்று மறுபடியும் சொன்னேன்.

"கேட்டுச்சு" என்றார். "கத்திரிக்கா போட்டா, போடாமலா?"

ஆசியா, அதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. வந்து வண்டியில் ஏறிவிட்டேன்.

போட்டுத்தான் என்று நீ போய்ச் சொல்லிவிடு.

மதலேனாள்